உருக்குக் குழாய்களும் வெல்டிங் நடைமுறைகளும்: விதியை மீறிய ஒட்டு ஒன்று புகட்டிய பாடம்

இன்றைய உலகின் அன்றாட வாழ்க்கை உருக்குக் குழாய்களின் மீதே தங்கியிருக்கின்றது என்று கூறினால் அது மிகையாகாது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், அனல் மின்நிலையங்கள், கப்பல்கள், உரத் தொழிற்சாலைகள், வைத்தியசாலைகளின் கொதிகலன்கள் என எங்கு நோக்கினாலும் எண்ணெயையோ, எரிவாயுவையோ, நீராவியையோ உயர் அமுக்கத்தில் சுமந்து செல்வன இக்குழாய்களே. இவை தொழிற்சாலைகளிலிருந்து பெரும்பாலும் 12 மீற்றர் அளவிலான துண்டுகளாகவே வந்து சேர்கின்றன. அப்படியாயின் ஒரு கிலோமீற்றர் நீளமான குழாய்ப் பாதையில் 80க்கும் மேற்பட்ட ஒட்டுக்கள் இடம்பெற வேண்டியுள்ளது. அவற்றுள் ஒன்று பிழைத்தாலும் முழுப் பாதையுமே பயனற்றதாகி விடுகின்றது. சில வேளைகளில் அது மனித உயிர்களையும் காவு கொள்கின்றது.

வெல்டிங் என்பது வெறும் கைத்திறன் சார்ந்த தொழில் என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். அனுபவம் வாய்ந்த ஒருவரின் கை பட்டால் ஒட்டு தானாகவே உறுதியாகிவிடும் என்ற நம்பிக்கை இத்தொழிலில் ஈடுபட்டிருப்போர் மத்தியிலும் நிலவுகின்றது. கைத்திறன் இன்றியமையாதது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. எனினும் கைத்திறன் மாத்திரம் போதுமானதல்ல என்பதையும், முன்கூட்டியே பரீட்சிக்கப்பட்டு எழுத்தில் வடிக்கப்பட்ட நடைமுறையொன்றைப் பின்பற்றும்போதே ஒட்டின் தரம் உறுதிப்படுகின்றது என்பதையும் உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. அவ்வாறு கொடுக்கப்பட்ட விலைகளில் ஒன்றை இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.

சான் புரூனோ அனர்த்தம்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு அருகில் அமைந்துள்ள நகரம் சான் புரூனோ ஆகும். 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி மாலை 6.11 மணியளவில் அந்நகரின் குடியிருப்புப் பகுதியொன்றின் கீழாகச் சென்ற 30 அங்குல விட்டமுடைய இயற்கை எரிவாயுக் குழாய் வெடித்துச் சிதறியது. சுமார் 28 அடி நீளமும் 3,000 இறாத்தல் நிறையும் கொண்ட குழாய்த் துண்டு நிலத்தைப் பிளந்துகொண்டு 100 அடி தூரத்துக்கு வீசப்பட்டது. 72 அடி நீளமும் 26 அடி அகலமும் கொண்ட பள்ளம் உருவாகியது. 8 பேர் உயிரிழந்தனர். 38 வீடுகள் முற்றாக அழிந்தன. வாயுவின் பாய்ச்சலை நிறுத்துவதற்கு 95 நிமிடங்கள் சென்றன. அதற்கிடையில் 4 கோடியே 76 இலட்சம் கன அடி எரிவாயு வெளியேறியிருந்தது.

இவ்வனர்த்தத்தை விசாரணை செய்த அந்நாட்டின் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தனது முடிவுகளை வெளியிட்டது. 1956ஆம் ஆண்டு அக்குழாய்ப் பாதையின் ஒரு பகுதி இடம் மாற்றப்பட்டபோது, அங்கு 6 குறுந்துண்டுகள் ஒன்றுடன் ஒன்று ஒட்டப்பட்டுப் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் ஒரு துண்டின் நீளவாட்டு ஒட்டு சுவரின் முழுத் தடிப்பையும் எட்டாமல் அரைகுறையாகவே போடப்பட்டிருந்தது. குழாயின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் போடப்பட வேண்டிய ஒட்டு, வெளிப்புறத்தில் மாத்திரமே போடப்பட்டிருந்தது. நிறைவுறாத அந்த இடைவெளியின் முனையிலிருந்து வெடிப்பொன்று ஆண்டாண்டு காலமாகச் சிறிது சிறிதாக வளர்ந்து, 54 ஆண்டுகளின் பின்னர் குழாயைப் பிளந்தது.

இவ்விசாரணையில் வெளியான மூன்று விடயங்கள் நமது கவனத்துக்குரியவை. முதலாவதாக, அத்துண்டு 1956இல் நடைமுறையிலிருந்த வெல்டிங் தராதரங்களுக்கும் தரக்கட்டுப்பாட்டு விதிகளுக்கும் அமைவாகத் தயாரிக்கப்பட்டிருக்கவில்லை. அதாவது விதிகள் இல்லாமையினால் அன்றி, இருந்த விதிகள் கவனிக்கப்படாமையினால் அல்லது புறக்கணிக்கப்பட்டமையினாலேயே தவறு நேர்ந்தது. இரண்டாவதாக, குழாய் பொருத்தப்பட்ட வேளையில் அக்குறைபாடு கண்ணுக்குத் தென்பட்டிருக்கக் கூடியதாகும். மூன்றாவதாக, குழாயின் உரிமையாளரான பசிபிக் காஸ் அன்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பதிவேடுகளில் அந்த இடத்திலிருந்தது நீளவாட்டு ஒட்டே இல்லாத குழாய் என்று குறிக்கப்பட்டிருந்தது. ஒட்டு இருப்பதே பதிவில் இல்லாதபோது, அதனைப் பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை.

ஏன் நீளவாட்டு ஒட்டு இத்துணை முக்கியமானது என்ற வினா எழலாம். உள்ளிருந்து அமுக்கம் தாக்கும்போது குழாயின் சுவரைச் சுற்றுவட்டமாக இழுக்கும் தகைப்பு, அதனை நீளவாக்கில் இழுக்கும் தகைப்பைப் போல் இரு மடங்காகும். நீளவாட்டு ஒட்டே அந்த இரு மடங்குச் சுமையைத் தாங்க வேண்டியுள்ளது. சான் புரூனோவில் வெடிப்பு நிகழ்ந்த வேளையில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 386 இறாத்தலாக இருந்தது. 30 அங்குல விட்டமும் முக்கால் அங்குலத்தில் பாதித் தடிப்பும் கொண்ட குழாயொன்றில் அது உண்டாக்கும் சுற்றுத் தகைப்பு சதுர அங்குலத்துக்கு சுமார் 15,440 இறாத்தல் மாத்திரமே. பதிவேட்டில் குறிக்கப்பட்டிருந்த தர உருக்கோ 42,000 இறாத்தல் வரையில் நிலையான உருமாற்றமின்றித் தாங்கக்கூடியது. முறையாக ஒட்டப்பட்ட குழாய்க்கு அந்த அமுக்கம் ஒரு பொருட்டே அல்ல. உருக்கு தோற்கவில்லை, ஒட்டே தோற்றது.

அக்குழாய்ப் பாதை நீரமுக்கப் பரீட்சைக்கு ஒருபோதும் உட்படுத்தப்பட்டிருக்கவில்லை. 1961இல் கலிபோர்னியாவிலும் 1970இல் மத்திய அரசாங்க மட்டத்திலும் அத்தகைய பரீட்சை கட்டாயமாக்கப்பட்டபோது, ஏற்கனவே நிலத்தின் கீழ் இருந்த குழாய்களுக்கு விலக்களிக்கப்பட்டது. அப்பரீட்சை நடத்தப்பட்டிருப்பின் இக்குறைபாடு வெளிப்பட்டிருக்கக்கூடும் என்பதே விசாரணையாளர்களின் முடிவாகும். 2015இல் மாநில ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அந்நிறுவனத்தின் மீது 160 கோடி டொலர் தண்டம் விதித்தது. 2016இல் சமஷ்டி நீதிமன்றத்தின் ஜூரிகள் சபை 6 குற்றச்சாட்டுகளில் அந்நிறுவனத்தைக் குற்றவாளியாகக் கண்டது. ஆயினும் மாண்டவர் மீளவில்லை.

எழுதப்பட்ட நடைமுறை என்றால் என்ன?

பொறுப்புவாய்ந்த தொழிற்தளம் எதிலும் குழாய் வெல்டிங் மூன்று ஆவணங்களின் அடிப்படையிலேயே ஆரம்பமாகின்றது. ஒட்டை எவ்வாறு போடவேண்டும் என்று விபரிக்கும் நடைமுறை ஆவணம் முதலாவதாகும். தொழிலாளர் மத்தியில் இது டபிள்யூ.பி.எஸ். என அறியப்படுகின்றது. அந்த நடைமுறைப்படி மாதிரி ஒட்டொன்றைப் போட்டு, அதனை வெட்டி, இழுத்தும் வளைத்தும் உடைத்தும் பார்த்துப் பெறப்பட்ட முடிவுகளின் பதிவு இரண்டாவதாகும். இதுவே பி.கியூ.ஆர். எனப்படுவது. அந்த நடைமுறையைப் பின்பற்றிக் குறையற்ற ஒட்டைப் போடும் ஆற்றல் குறித்த வெல்டருக்கு உண்டு என்பதை உறுதிப்படுத்தும் தகுதிச் சான்று மூன்றாவதாகும்.

இம்மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருகின்றன. நடைமுறை சரியானதா என்பது ஒரு வினா. அதனைச் செய்பவர் தகுதியானவரா என்பது மற்றொரு வினா. மிகத் திறமையான வெல்டரும் தவறான நடைமுறையைப் பின்பற்றினால் அழகான, ஆனால் உறுதியற்ற ஒட்டையே தருவார். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் 1104ஆம் இலக்கத் தராதரம், அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் கொதிகலன் விதிக்கோவையின் 9ஆவது பிரிவு, சர்வதேச தராதர அமைப்பின் 15614 மற்றும் 9606ஆம் இலக்கத் தராதரங்கள் ஆகியன இவ்வேறுபாட்டின் மீதே கட்டியெழுப்பப்பட்டுள்ளன.

உருக்கின் வகை, சுவரின் தடிப்பு, விளிம்பின் சரிவு, வேர் இடைவெளி, குச்சியின் வகை, மின்னோட்டம், மின்னழுத்தம், நகரும் வேகம், முன்சூடாக்கல் வெப்பநிலை, ஒரு படைக்கும் அடுத்த படைக்கும் இடையிலான வெப்பநிலை, மேலிருந்து கீழாகவா அல்லது கீழிருந்து மேலாகவா ஒட்டுவது ஆகிய அனைத்தும் நடைமுறை ஆவணத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் சில இன்றியமையா மாறிகள் என அழைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றேனும் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டி மாற்றப்பட்டால், பழைய பரீட்சை செல்லுபடியற்றதாகி, நடைமுறை மீண்டும் பரீட்சிக்கப்பட வேண்டியதாகின்றது.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம்

இவ்விதிகள் காகிதத்தை நிரப்புவதற்காக எழுதப்பட்டவை அல்ல. விளிம்புத் தயாரிப்பை எடுத்துக்கொள்வோம். குழாயின் இரு விளிம்புகளும் பொதுவாக 30 பாகை அளவில் சரிவாக வெட்டப்பட்டு, அடியில் ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளி விடப்படுகின்றது. இடைவெளி குறைந்தால் உருகிய உலோகம் சுவரின் உட்பக்கத்தை எட்டுவதில்லை. ஊடுருவல் குறைபாடு ஏற்படுகின்றது. அது அதிகரித்தால் வேரே உருகி வழிந்து துளையாகின்றது. விளிம்பிலுள்ள துரு, எண்ணெய், வர்ணப்பூச்சு ஆகியன அகற்றப்படாவிடின் அவை வாயுவாகி ஒட்டினுள் குமிழிகளாகச் சிறைப்படுகின்றன. முதலாவது படையின் கசடு முற்றாகத் துடைக்கப்படாமல் இரண்டாவது படை போடப்பட்டால் அக்கசடு உள்ளேயே புதைந்துபோகின்றது. மேற்படை எவ்வளவு பளபளப்பாக இருப்பினும் உள்ளே புதைந்தது புதைந்ததே.

அடுத்து வெப்பத்தின் அளவு. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி, நகரும் வேகத்தால் வகுத்தால், ஒட்டின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் வழங்கப்படும் வெப்பத்தைக் கணிக்கலாம். 24 வோல்ற், 120 அம்பியர், நிமிடத்துக்கு 120 மில்லிமீற்றர் வேகம் எனக் கொண்டால், அது மில்லிமீற்றருக்கு 1.44 கிலோ யூல் ஆகும். கை தயங்கி வேகம் பாதியாகக் குறைந்தால் அதுவே 2.88 ஆகிவிடுகின்றது. வெப்பம் மிகையானால் ஒட்டைச் சூழ்ந்த உருக்கின் மணிகள் பருத்து அதன் தாங்குதிறன் குறைகின்றது. வெப்பம் குறைந்தால் உலோகம் விளிம்புடன் கலக்காமல் அதன் மேல் படிந்து மாத்திரம் நிற்கின்றது. அத்துடன் மிக விரைவாகக் குளிர்வதால் உருக்கு கடினமாகி நொறுங்கும் தன்மையைப் பெறுகின்றது. கண்ணால் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்துவது எளிதல்ல.

எல்லாவற்றிலும் வஞ்சகமானது ஐதரசன் வெடிப்பாகும். குச்சியின் பூச்சிலுள்ள ஈரப்பதன் மின்வில்லின் வெப்பத்தில் பிரிந்து, ஐதரசன் உருகிய உலோகத்தினுள் புகுகின்றது. ஐதரசன், கடினமாகிப்போன உருக்கு, இழுவைத் தகைப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்போது, ஒட்டுக் குளிர்ந்து பல மணித்தியாலங்களோ சில நாட்களோ கழிந்த பின்னர் வெடிப்புத் தோன்றுகின்றது. மாலையில் பரிசோதகர் பார்த்துச் சரியென்ற ஒட்டு, மறுநாள் காலையில் வெடித்திருக்கக் கூடும். இதன் காரணமாகவே சில தராதரங்கள் 48 மணித்தியாலங்கள் கழிந்த பின்னரே இறுதிப் பரிசோதனையை நடத்தப் பணிக்கின்றன.

இதற்கான பரிகாரமும் நடைமுறை ஆவணத்திலேயே உள்ளது. ஈ 7018 போன்ற குறை ஐதரசன் குச்சிகள் பொதி திறக்கப்பட்டதும் 120 பாகை செல்சியஸ் அல்லது அதனிலும் கூடிய வெப்பநிலையுள்ள சூட்டடுப்பில் வைக்கப்பட வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்தபின் சில மணித்தியாலங்களுக்குள் அவை பயன்படுத்தப்பட வேண்டும். காபன், மங்கனீசு முதலிய மூலகங்களின் அளவைக் கொண்டு கணிக்கப்படும் காபன் சமவலு உயரும்போதும், சுவரின் தடிப்புக் கூடும்போதும் குழாயை முன்சூடாக்க வேண்டும். ஒட்டு மெதுவாகக் குளிர்ந்தால் ஐதரசன் வெளியேற அவகாசம் கிடைக்கின்றது, உருக்கும் கடினமாவதில்லை. நம் நாட்டைப் போன்ற ஈரலிப்பான காலநிலையில் திறந்த பொதியை மழைக்காலத்தில் தரையில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் பயன்படுத்துவது எத்துணை ஆபத்தானது என்பதை இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம்.

பரிசோதனை தரத்தை உருவாக்குவதில்லை

ஒட்டு முடிந்த பின் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால் போதுமே என்று சிலர் கேட்கலாம். எக்ஸ் கதிர்ப் படம் குமிழிகளையும் கசட்டையும் நன்கு காட்டுகின்றது. ஆனால் கதிரின் திசைக்குக் குறுக்காக அமைந்த மெல்லிய வெடிப்புகளையும் இணைவுக் குறைபாடுகளையும் அது தவறவிடக் கூடும். அவற்றைக் காண்பதற்குக் கழியொலிப் பரிசோதனை பொருத்தமானது. மேற்பரப்பு வெடிப்புகளுக்குச் சாயப் பரிசோதனையும் காந்தத் துகள் பரிசோதனையும் உள்ளன. உருக்கு கடினமாகிப் போயிருப்பதையோ மணிகள் பருத்திருப்பதையோ இப்பரிசோதனைகளுள் எதுவும் நேரடியாகக் காட்டுவதில்லை. அவ்வகைக் குறைபாட்டைத் தடுப்பது நடைமுறையைப் பின்பற்றுவது ஒன்றேயாகும்.

பரிசோதனையின் அளவுகோல்களும் கறாரானவை. 1104ஆம் இலக்கத் தராதரத்தின்படி, வேரில் காணப்படும் தனியொரு ஊடுருவல் குறைபாட்டின் நீளம் 25 மில்லிமீற்றரை விஞ்சினால் அந்த ஒட்டு நிராகரிக்கப்படுகின்றது. ஒட்டின் ஓரத்தில் விழும் அரிப்புப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீற்றருக்கு மேற்பட்டாலும் அதே கதிதான். நிராகரிக்கப்பட்ட ஒட்டை வெட்டி அகற்றி மீண்டும் போடுவதற்குச் செலவாகும் நேரமும் பணமும், முதலில் குச்சியை உலர்த்தவும் விளிம்பைத் துடைக்கவும் செலவாகியிருக்கக் கூடியதைவிடப் பன்மடங்கானவை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சிறிய ஒட்டுத்தானே என்ற அலட்சியத்துக்கும் இடமில்லை. 1980ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற நோர்வே நாட்டு மிதக்கும் தளம் கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் உயிரிழந்தனர். தளத்தின் கால்களைப் பிணைத்திருந்த பெரும் உருக்குக் குழாய்களில் ஒன்றில், ஒலியுணர் கருவியொன்றைத் தாங்குவதற்கான சிறு பொருத்தியை இணைத்த வெறும் 6 மில்லிமீற்றர் ஒட்டிலிருந்தே வெடிப்பு ஆரம்பித்திருந்தது. வெடிப்பினுள் வர்ணப்பூச்சு காணப்பட்டமை, தளம் கடலுக்குச் செல்லுமுன்னரே அவ்வெடிப்பின் ஒரு பகுதி அங்கிருந்ததைக் காட்டியது. சுமை தாங்காத துணைப் பாகம் என்று கருதப்பட்டதனால் அந்த ஒட்டுக்கு உரிய கவனம் கிட்டவில்லை. அது தாங்கியிருந்தது 212 உயிர்களை என்பது பின்னரே தெரிய வந்தது.

நம்மவர்க்கு இதில் என்ன?

நம் நாட்டின் தமிழ், முஸ்லிம் இளைஞர்களில் கணிசமானோர் மத்திய கிழக்கு நாடுகளின் எண்ணெய், எரிவாயுத் துறைகளிலும் கட்டுமானத் துறைகளிலும் வெல்டர்களாகவும் குழாய் பொருத்துநர்களாகவும் உழைத்து வருகின்றனர். குழாய் வெல்டர் வேலைக்குச் செல்வோர் 6 ஜீ என்ற பரீட்சையை நன்கு அறிவர். 45 பாகை சரிவில் அசையாது பொருத்தப்பட்ட குழாயைச் சுற்றி எல்லா நிலைகளிலும் ஒட்டிக் காட்ட வேண்டிய கடினமான பரீட்சை அது. அதில் சித்தியடைவது பெருமைக்குரியதே. ஆனால் அது கையின் தகுதிக்கான சான்று மாத்திரமே. தொழிற்தளத்தில் ஒவ்வொரு நாளும் ஒட்டின் தரத்தைத் தீர்மானிப்பது, கையில் தரப்படும் நடைமுறை ஆவணத்தை வாசித்து விளங்கி, அதன்படி நடக்கும் ஒழுக்கமாகும்.

இங்குதான் ஒரு சங்கடம் இருக்கின்றது. ஆவணம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். வேலையை விரைவாக முடிக்குமாறு மேற்பார்வையாளர் நெருக்குவார். அடுப்பிலிருந்து குச்சியை எடுத்துவரச் செல்லும் நேரம் வீண் நேரமாகக் கருதப்படும். முன்சூடாக்காமலேயே ஒட்டுமாறு பணிக்கப்பட்டால், அதை மறுப்பதற்கு ஒரு தொழிலாளிக்கு அறிவும் வேண்டும், துணிவும் வேண்டும். அறிவின்றித் துணிவு வராது. ஆவணத்தின் ஒவ்வொரு வரியும் எதனைக் குறிக்கின்றது, அதனை மீறினால் என்ன நேரும் என்பதைத் தம் தாய்மொழியில் கற்ற ஒருவரே, இப்படிச் செய்ய முடியாது என்று காரணத்துடன் கூறக்கூடியவராவார்.

ஆகவே தொழிற்பயிற்சி வழங்கும் நிறுவனங்கள் வெல்டிங் இயந்திரத்தை இயக்கக் கற்பிப்பதுடன் நின்றுவிடாது, நடைமுறை ஆவணத்தை வாசிக்கவும், வெப்ப அளவைக் கணிக்கவும், குச்சியைப் பேணவும், குறைபாடுகளை இனங்காணவும் தமிழில் கற்பிக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும். தொழில் வழங்குநர்களும் பதிவேடுகளை உண்மையாகப் பேண வேண்டும். எந்த ஒட்டை எவர், எந்த நாளில், எந்தக் குச்சியால் போட்டார் என்ற விபரம் குழாய் நிலத்தின் கீழ் இருக்கும் வரையில் பாதுகாக்கப்பட வேண்டியதாகும். அமெரிக்காவிலும் பரீட்சைப் பதிவுகளற்ற பழைய எரிவாயுக் குழாய்களின் அமுக்க எல்லையை மீள உறுதிசெய்யுமாறு கோரும் விதிகள் 2019ஆம் ஆண்டிலேயே வெளியாகின. சான் புரூனோவின் பின்னர் அதற்கு 9 ஆண்டுகள் சென்றன.

அந்த ஒட்டைப் போட்டவரின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர் தீய எண்ணத்துடன் அதைச் செய்திருப்பார் என்று நாம் கருதவில்லை. குழாயின் உட்புறத்தில் இன்னுமொரு படை போடப்பட்டிருந்தால், அல்லது அதனைப் பொருத்தியவர்களில் ஒருவரேனும் உள்ளே எட்டிப் பார்த்து ஏன் என்று கேட்டிருந்தால், 54 ஆண்டுகளின் பின்னர் 8 பேர் மரணிக்க நேர்ந்திராது. மண்ணுக்கடியில் மறைந்துபோகும் வேலையை, எவரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் விதிப்படி செய்து முடிப்பதே தொழில் நேர்மை எனப்படுவது. அந்நேர்மையின் மீதே முன்பின் அறியாத பலரின் உயிர்கள் தங்கியிருக்கின்றன என்பதை இத்துறையிலுள்ள ஒவ்வொருவரும் மனதிற்கொள்ள வேண்டும்.